பியூகிளாரும் இரண்டு முன்பற்களும்

பெங்களூரு என்கிற இந்த ஊரை ஒன்றரை நிமிடம் வாயை மூடிக்கொண்டு நிற்கவைத்த ஒரே மனிதர் பியூகிளார்தான். சிக்னல் விளக்குகளால் அது முடியவில்லை. விசில் ஊதி ஊதிக் கன்னம் வீங்கிய போக்குவரத்துக் காவலர்களால் முடியவில்லை. ஆலங்கட்டி மழை வந்தால்கூட, இந்த ஊர் ஹாரன் அடித்து அதை ஓரமாகப் போகச் சொல்லும். பியூகிளார் ஒரு முழம் பித்தளையை உதட்டில் வைத்து இந்த ஊரை நிறுத்தினார். நின்ற ஊர் அவருக்குத் திருப்பி என்ன செய்தது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கோபத்தோடு உட்கார்ந்திருக்கிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. ரேஷன் கார்டுக்கும் பென்ஷன் புத்தகத்துக்கும் மட்டும் அது தெரியும். பட்டாளத்தில் இருபது வருடம் பியூகிள் ஊதியவர். மரியாதைக்கு ஓர் 'ஆர்' சேர்த்துத் தெரு அவரைப் பியூகிளார் ஆக்கிவிட்டது. ரிச்சர்ட்ஸ் டவுனில் முன்தெரு முழுக்கப் பங்களாக்களும் பன்னீர்ப்பூ மரங்களும் இருக்க, பின்சந்தில் நாங்கள் இருந்தோம். நான் வாணியம்பாடியிலிருந்து வேலைக்கு வந்த புதிது. மாடியில் ஒற்றை அறை எனக்கு. கீழே பியூகிளார்.

முதல் நாள் விடிகாலை. அந்தச் சத்தத்தில் நான் எழுந்தேன் என்று சொன்னால் பொய். நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்பதுதான் தெரியவில்லை. தெருநாய்கள் ஊளையிட்டன, எதிர்வீட்டில் ஒரு குக்கர் பயந்துபோய் விசிலடித்தது. சண்டை போடும் முடிவோடு படியிறங்கினேன். கஞ்சி போட்ட காக்கி அரைக்கால் சட்டை, மெழுகு தடவி முறுக்கிய மீசை, கையில் பளபளவென்று பியூகிள்.

"சார், மணி அஞ்சரை."

"தெரியும். அதான் ஊதினேன்."

"மனுசன் தூங்க வேணாமா?"

"தூங்கினுதான இருந்த? போதும். எங்க குடி வந்திருக்கற?"

"மாடியில."

"சரி மாடி, போய் மூஞ்சி கழுவு."

அன்றிலிருந்து என் பெயர் மாடி. இருபது வருடம் கழித்தும், தலை நரைத்து, சந்தாபுராவில் அடுக்ககத்து ஏழாவது தளத்துக்குக் குடிபோன பிறகும், போனில் அவர் குரல் வந்தால் நான் மாடிதான்.

பியூகிள் என்பது கொஞ்சம் விபரீதமான வாத்தியம். துளை கிடையாது, பொத்தான் கிடையாது. கிடைக்கிற ஐந்தாறு சுரங்களையும் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும்தான் உண்டாக்க வேண்டும். உதட்டுக்குப் பின்னால் முன்பற்கள் சுவராக நின்று முட்டுக் கொடுக்க வேண்டும். ஆகவே பியூகிளார் தன் வாயைக் கோயில் நகை மாதிரி காத்துவந்தார். ஆகஸ்ட் பிறந்தால் மிளகாய் இல்லை, பீடி இல்லை, டீ ஆறினால்தான் குடிப்பார். பஜ்ஜிக் கடையைக் கடக்கும்போது எதிரியின் முகாமைத் தாண்டுகிற மாதிரி குனிந்து வேகமாகப் போவார். உதட்டில் எப்போதும் நெய். அவர் மனைவி செல்லக்கா தண்ணீர்க் குழாயடியில் சத்தமாகவே சொல்வார்: "அந்த ஒதட்டுக்குக் கவர்மெண்டு சீல் வெச்சிருக்குது. நமக்கெல்லாம் கிட்ட போக பர்மிசன் இல்ல." குழாயடி சிரிக்கும். பியூகிளார் காது கேளாதவர்போலப் பித்தளையைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

ஓய்வு பெற்ற கையோடு சிவாஜிநகர் பக்கம் ஒரு பேண்டு செட்டில் சேர்ந்தார். அந்த உத்தியோகம் ஒரே ஒரு கல்யாணம் வரைக்கும் நீடித்தது. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பேண்டு மாஸ்டர், "ஏதாச்சும் சந்தோசமா ஊதுண்ணா" என்றிருக்கிறார். பியூகிளார் யோசித்துவிட்டு, பட்டாளத்தில் சாப்பாட்டுக்கு அழைக்கும் அழைப்பை ஊதினார். கண்டோன்மெண்ட் கல்யாணம், பெண் வீட்டில் பாதிப் பேர் பழைய பட்டாளத்துக்காரர்கள். கேட்ட மாத்திரத்தில் முன்வரிசையிலிருந்து பத்துப் பதினைந்து பெரியவர்கள் எழுந்து, வரிசை கட்டி, கையை வீசிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தார்கள். பந்தி போட்டாயிற்று என்று நினைத்து மண்டபமே பின்னால் போயிற்று. ஐயரும், மாப்பிள்ளையும், பெண்ணும், வீடியோகாரரும் மட்டும் மிஞ்சிய மண்டபத்தில் தாலி ஏறியது.

"சந்தோசமா ஊதச் சொன்னான். பட்டாளத்துல அதவிட சந்தோசம் இன்னாடா இருக்குது?" என்று என்னிடம் நியாயம் கேட்டார்.  

ஆனால் இதெல்லாம் அவருக்குப் பக்கவேலை. அவருடைய அசல் வேலை வருடத்துக்கு ஒரே நாள். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி ஆறு வீடுகளுக்குப் போவார். ஆறும் திரும்பி வராதவர்களின் வீடுகள். எல்லையில் போனவன் ஒருவன், கண்ணிவெடி எடுக்கும்போது போனவன் ஒருவன், மலையில் பனி சரிந்து போனவன் ஒருவன், இப்படி. எல்லாரும் அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கால்களைச் சேர்த்து நின்று, 'லாஸ்ட் போஸ்ட்' ஊதுவார். நாள் முடிந்தது, காவல் முடிந்தது, இனி நீ தூங்கலாம் என்று வீரனுக்குச் சொல்லும் அழைப்பு அது. ஊதியபின் மௌனம். மௌனத்துக்குப் பின் 'ரௌஸ்' என்று ஒரு சின்ன அழைப்பு. எழுந்திரு என்பது பொருள். அதை ஊதாமல் விட்டால் செத்தவனைப் பாதி வழியில் விட்டுவிட்ட மாதிரி என்பார்.

"நினைவுத்தூண்லதான் மந்திரி எல்லாம் வந்து மாலை வெக்கறாங்களே. அங்க போய் ஊதலாமேண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கல்லுக்குக் காது இருக்குதா? வூட்ல அம்மா இருக்கா, பொண்டாட்டி இருக்கா. அவங்களுக்கு இருக்குது."

மூன்றாவது வீட்டில் ஓர் அம்மா இருந்தார். அவரும் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லாத வீட்டைப் பங்காளிகள் விற்றார்கள், வாங்கியவர்கள் இடித்தார்கள், இடித்த இடத்தில் கண்ணாடிச் சுவரும் தொங்கும் செடிகளுமாக ஒரு பீர் கடை எழுந்தது. பட்டியலில் ஐந்தாகிவிட்டது என்று நான் நினைத்தேன். பியூகிளார் அப்படி நினைக்கவில்லை.

மூன்று வருடம் முன்பு, ஆகஸ்ட் பதினைந்து மதியம், நான் அந்தக் கடைக்குள் அலுவலக நண்பர்களோடு உட்கார்ந்திருந்தேன். சட்டப்படி அன்று மது கிடையாது; கையில் என்ன இருந்தது என்பது இந்தக் கட்டுரையின் பொருள் அல்ல. சுதந்திர வாரச் சலுகை. பரிமாறுகிற பையன்கள் தலையில் பட்டாளத்துப் புள்ளித் தொப்பி. மேடையில் ஒருவன் இடி மாதிரி இசையைச் சுழற்றிக்கொண்டிருந்தான். வாசலில் கஞ்சி போட்ட காக்கி தெரிந்தது. மேனேஜர் குறுக்கே ஓடினார்.

"அங்கிள், லைவ் மியூசிக் ஸ்லாட் மூணு மணிக்குத்தான்."

"இது மியூசிக் இல்லபா. இது என் ஃப்ரெண்டு வூடு."

"ராங் அட்ரஸ் அங்கிள்."

"அவன் ரெக்கார்டுல இந்த அட்ரஸ்தான் இருக்குது. செத்தவன் வந்து புது அட்ரஸ் குடுத்தானா உனக்கு? தள்ளு."

உள்ளே வந்த கண் என் மேல் விழுந்தது. மேசைக்கடியில் ஒளிய முடியாத உருவம் எனக்கு.

"டேய் மாடி! எந்திரி. அந்த கிளாஸக் கீழ வையி." பிறகு கடை முழுவதற்கும் சேர்த்துப் பட்டாளத்து அட்டென்ஷன்: "சாவ்தான்!"

எழுந்து நின்றார்கள். ஏன் நிற்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் எல்லார் முதுகெலும்பிலும் ஒளிந்திருப்பார்போல. இடி இசை நின்றது. பியூகிளார் ஊதினார். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்! மாலை வெயில் கம்பியாக நீண்டு, கண்ணாடியைத் துளைத்து, அந்தக் கடை எழும்புவதற்கு முன்பு அங்கே இருந்த முற்றத்தைத் தேடிக்கொண்டு போன மாதிரி இருந்தது. வெளியே ஓர் ஆட்டோ ஓட்டுநர் காரணம் புரியாமலே இன்ஜினை அணைத்தார். ஒன்றரை நிமிடம். இந்த ஊர் அவ்வளவு நேரம் வாய் மூடி நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் கைதட்டினார்கள். விசில் வேறு. ஒருவன் கோப்பையைத் தூக்கி, "ஒன்ஸ் மோர் அங்கிள்!" என்றான்.

பியூகிளாரின் கழுத்து நரம்பு புடைத்தது. மெதுவாகத்தான் சொன்னார், மெதுவாகச் சொன்னதால் கடைசி மேசை வரை கேட்டது.

"இது செத்தவனுக்கு ஊதறதுடா. ஒரு ஆளுக்கு ஒரு தடவ. இன்னொரு தடவ வேணும்னா இன்னொருத்தன் சாவணும். நீ போறியா?"

பையன் உட்கார்ந்தான். அன்று சாயங்காலமே வீடியோ ஊரைச் சுற்றியது. தலைப்பு: 'யாரோ ஒரு அங்கிள் பின்னிட்டார்.' எரியும் நெருப்புப் படம் மூன்று. யார் செத்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும்தான். மீதி வீடுகள் எங்கே, யாருடையவை என்று அவரிடம் நான் விசாரித்ததே கிடையாது. என் கோபத்தின் முதல் தவணை எனக்கே உரியது.

போன ஆகஸ்டுக்கு வருகிறேன். பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை. அதாவது மூன்று நாள் விடுமுறை. வியாழக்கிழமை மாலையே ஓசூர் ரோடு ஏற்காட்டுக்குப் போகிற கார்களால் அடைத்துக்கொள்ளும். போகாமல் மிஞ்சியவர்களுக்காக எங்கள் அடுக்ககத்தில் ஒரு விழா. எனக்குக் கொஞ்சம் எழுத வரும் என்கிற ஒரே குற்றத்துக்காகச் சங்கத்தின் செயலாளராக ஆக்கி வைத்திருந்தார்கள். சங்கத் தலைவர் கோயம்புத்தூர்க்காரர், சுறுசுறுப்பானவர், எதையும் பதினைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டிவிடக்கூடியவர். "இந்த வாட்டி ஒரு மிலிட்டரிக்காரரைக் கூப்ட்டு சால்வை போட்டர்லாங்க. உங்களுக்கு யாராச்சும் தெரியுங்களா?" என்றார். பியூகிளாருக்குப் போன் செய்தேன்.

"எங்க, சந்தாபுராவா? வரேன். ஆறாவது வூடு எப்படியும் அந்தப் பக்கந்தான்" என்றார்.

பதினைந்துக்குச் சரியாகப் பத்து நாள் முன்பு அந்தக் கொடுமை நடந்தது. இருபது வருடம் எல்லையில் நின்ற ஆள். குண்டு தொடவில்லை, பனி தொடவில்லை. பொம்மசந்திராவில் மழைத்தண்ணீர் நிறைந்து சமர்த்தாகப் படுத்திருந்த ஒரு பள்ளம் ஸ்கூட்டரை விழுங்கிவிட்டு, அவருடைய மேல்வரிசை முன்பற்கள் இரண்டையும் வாங்கிக்கொண்டது. கை கால் முறிவில்லை. "ஒண்ணும் ஆகல சார், ரெண்டு பல்லுதான்" என்று தூக்கிவிட்டவர்கள் ஆறுதல் சொன்னார்களாம். ஒரு பாடகனிடம் தொண்டை மட்டும்தான் போயிற்று என்று சொல்லிப் பாருங்கள்.

வீங்கிய வாயோடு முயன்று பார்த்திருக்கிறார். பஞ்சரான டியூப் மாதிரி காற்று வந்தது. இன்னும் அழுத்தினார், ஊதுவாயில் ரத்தம் வந்தது. சத்தம் வரவில்லை.

முன்னாள் வீரர்களுக்குப் பல் கட்டித்தர ஓர் ஏற்பாடு இருக்கிறது. அந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். பெயர் இல்லாவிட்டாலும் நீங்கள் கண்டுபிடித்துவிடக்கூடிய முகம் அதற்கு. நான்தான் கூட்டிப்போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"மெல்றதுக்குக் கடவாய்ப்பல்லு இருக்குதே சார்? முன்பல்லு அழகுக்குத்தானே. அர்ஜென்ட்டுன்னு போட முடியாது."

"அழகுக்கு இல்ல. ஊதறதுக்கு."

"என்னது?"

"பியூகிள். பதினஞ்சாந்தேதி ஊதணும்."

அவர் படிவத்தை மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தார். "மெல்ல முடியலைன்னு கட்டம் இருக்கு. பேச முடியலைன்னு கட்டம் இருக்கு. ஊத முடியலைன்னு கட்டம் இல்லியே சார்."

"அப்ப ஒண்ணு போடு."

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார். டாக்டரும் லீவு. மூணு நாள் ஹாலிடே வருது, முடிஞ்சு செவ்வாக்கிழமை வாங்க. அளவு எடுத்துடலாம்."

'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.' கொஞ்சம் பொறுத்துக்கொள். இந்த ஊரில் காதில் விழாத நாளே இல்லாத கன்னடம் இது. இருபது வருடம் பதுங்குகுழியில் பொறுத்துக்கொண்ட ஒருவரிடம், சுதந்திர தினத்துக்கு லீவில் போகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கு மேசையைக் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. கவிழ்க்கவில்லை. நான் எழுதுகிறவன், பிறகு எழுதுவேன், அவ்வளவுதான்.

"தனியார்ல காட்டலாம்ண்ணா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"வேணாம். பட்டாளத்துல பூட்ஸ் குடுத்தான், கோட்டு குடுத்தான், பியூகிள் குடுத்தான். இந்தப் பல்லையும் அவன்தான் குடுக்கணும். உன் பல்லுல நான் ஏன்டா செத்தவனுங்களுக்கு ஊதணும்?"

அவர் வீம்பு அது. அவருக்குத் தெரியாமல் நான் ஒரு தனியார் பல் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். டாக்டர் கூர்க் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கே பியூகிளார் எங்கள் வாசலில் இருந்தார். பதக்கங்கள், கஞ்சி, மெழுகு மீசை, அதன் கீழே இறுக மூடிய வாய். "நீங்க வரவேணாம்னு சொல்லியிருப்பேனேண்ணா" என்றேன். பேசும்போது காற்று ஒழுகுவதால் சுருக்கமாகப் பேசினார். "சால்வைக்கு வரல. ஆறாவது வூட்ல நேர்ல சொல்லணும். இந்த வருசம் முடியலன்னு. அதுக்குத்தான் மொதல்ல இங்க வந்தேன்."

அதைச் சொல்லும்போது அவர் கை பியூகிளின் கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தது. இத்தனை வருடங்களில் அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு காலைதான்.

விழா நடந்தது. நைலான் சீருடையில் குழந்தைகள், மூன்று நிற இட்லி, கிளம்பத் தயாராகப் பெட்டிகளோடு நின்ற நாலைந்து குடும்பங்கள். மேடைக்குப் பின்னால் 'நம் வீரர்களுக்கு வணக்கம்' என்று பெரிய பேனர். அதில் துப்பாக்கி ஏந்திய நான்கு பேர். பியூகிளார் கிட்டே போய் உற்றுப் பார்த்தார்.

"இவனுங்க யாரு?"

"நம்ம ஜவான்ஸ் அங்கிள்" என்றார் தலைவர்.

"இந்த ஹெல்மெட்டு நம்முது இல்ல. துப்பாக்கி நம்முது இல்ல. மூக்கே நம்முது இல்ல. எந்த ஊர்க்காரன்பா இவன்?"

"நெட்ல ஃப்ரீயா கெடச்சதுங்க அங்கிள், கண்டுக்காதீங்க. உங்க ஐட்டத்துல ஷார்ட் வெர்ஷன் எதாச்சும் இருக்குங்களா? முப்பது செகண்ட்ல?"

நான் தலைவரை ஓரமாக இழுத்துப் பல் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் கவலை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது தீர்வு. அந்த மாதிரி ஆட்களிடம் எப்போதும் தீர்வுதான் வரும்.

"அட, இவ்வளவுதானுங்களா! ஸ்பீக்கர்ல ரெக்கார்டிங் ஓட விட்டர்லாங்க. அங்கிள், நீங்க சும்மா வாய்ல வெச்சுட்டு நில்லுங்க, போதும். போட்டோல சூப்பரா வரும். ஒருத்தருக்கும் தெரியாதுங்க."

பியூகிளார் தோளில் அப்போதுதான் சால்வை போட்டிருந்தார்கள். அதை எடுத்தார். நாலாக மடித்தார், பட்டாளத்து மடிப்பு, முனைக்கு முனை. தலைவர் கையில் வைத்தார்.

"இந்தா. அடுத்த ஆளுக்கு ஆகும்."

"அங்கிள், கோச்சுக்காதீங்க. நெசமாலுமே ஒருத்தருக்கும் தெரியாதுங்க."

"செத்தவனுக்குத் தெரியும்டா!"

ஓட்டை வாயால் கத்தியதில் பாதி காற்றாகப் போனது. அப்படியும் இட்லி வரிசையில் நின்றவர்கள் தட்டைத் தாழ்த்தினார்கள். பியூகிளார் மேடையைவிட்டு இறங்கி லிஃப்டை நோக்கி நடந்தார். தலைவரோ நிகழ்ச்சியை விடுகிற ஆள் இல்லை. பதினைந்து நிமிடத் துண்டு காலியாக இருப்பதை அவர் உடம்பு தாங்காது. ரெக்கார்டிங்கைப் போட்டார். நாலு சுரம் போனது, ஐந்தாவது நீண்டது, அதன் நடுவே ஒரு பெண் குரல் குதித்தது: சுதந்திர தினச் சிறப்புச் சலுகை, மெத்தை வாங்கினால் இரண்டு தலையணை இலவசம். இறந்தவர்களுக்கான அழைப்பைத் தலையணைக்காரர் இடைமறித்ததை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சட்னிக்குத் திரும்பினார்கள்.

லிஃப்டில் பியூகிளாரைப் பிடித்தேன். "எந்தத் தெருண்ணா? வண்டி எடுக்கறேன்."

"தெருவா?" என்று சொல்லி ஒன்பதாம் எண்ணை அழுத்தினார். "இங்கதான். ரீட்டாம்மா. ஆரோக்கியம் பொண்டாட்டி. பனியில போனானே, அவன். பொண்ணு வாங்கின ஃப்ளாட்டுக்கு ரெண்டு வருசம் முன்ன வந்தாங்க."

என் தலைக்கு இரண்டு தளம் மேலே. இரண்டு வருடமாக. 'வீரர் குடும்பம் யாராவது நம் வளாகத்தில் உண்டா' என்று சங்கத்தின் குழுவில் நானே செய்தி போட்டிருந்தேன். அந்த அம்மா அந்தக் குழுவில் இல்லை. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் இதே நாளில் நான் அலுவலகத்தில் வேலை இருக்கிறது என்று போய்விட்டிருக்கிறேன். லிஃப்டிலிருந்து இறங்கி வீட்டு எண்ணைப் படித்தேன். ஒன்பதாம் தளம், கடைசி வீடு. அந்த எண்ணை நான் என் கையால் தட்டச்சு செய்திருக்கிறேன்.

கதவைத் திறந்தவர் அறுபதை நெருங்கும் ஓர் அம்மா. ஊன்றுகோல், வெள்ளையில் சின்னப் பூப்போட்ட சேலை. பியூகிளாரைப் பார்த்தார். அவர் வாயைப் பார்த்தார்.

"பல்லு எங்கண்ணே?"

"ரோட்ல."

"உள்ள வாங்க." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க செகரெட்டரி சார்தானே? அந்த ஸ்வெட்டர அன்னைக்கே எடுத்துட்டேன் சார். இனிமே பால்கனில போடல" என்றார்.

விஷயம் இதுதான். அந்த ஆகஸ்டின் தொடக்கத்தில், பெட்டியில் பூச்சி உருண்டைகளோடு கிடந்த ஒரு பச்சைக் கம்பளிச் சட்டையை அவர் பால்கனிக் கம்பியில் வெயிலில் போட்டிருக்கிறார். கணவர் உடம்போடு வந்த பொருள்களில் அது ஒன்று. யாரோ கீழிருந்து படம் பிடித்து அனுப்ப, வளாகத்தின் தோற்றத்தைக் கெடுக்கும் வகையில் துணி உலர்த்தக் கூடாது என்று ஒரு நோட்டீஸ் போயிருந்தது. நல்ல தமிழில், பிழையில்லாமல், கீழே கையெழுத்தோடு. கையெழுத்து என்னுடையது. டிவிக்குப் பக்கத்தில் அதைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தார்.

"இன்னா ஸ்வெட்டரு?" என்றார் பியூகிளார்.

 அவர் நோட்டீஸை எடுத்துப் படித்தார். என் பெயரைப் படித்தார். அவர் வாழ்க்கையில் சின்ன விஷயத்துக்கெல்லாம் சந்து அதிரக் கத்தியவர், அன்று கத்தவில்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் காகிதத்தை இருந்த இடத்தில் வைத்தார். கத்தியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

பிறகு ரீட்டா அம்மாவிடம் திரும்பி, காலைச் சேர்த்து, மேலதிகாரிக்கு அறிக்கை கொடுப்பவர்போல விறைத்து நின்றார். "ரீட்டாம்மா. இந்த வருசம் என்னால முடியல. செவ்வாக்கிழமதான் பல்லுக்கு அளவு எடுக்கறாங்களாம். மன்னிச்சிக்கணும்."

"ஊதுங்கண்ணே."

"சத்தம் வராதும்மா."

"சத்தம் எனக்குத் தெரியும். நீங்க ஊதுங்க."

ரீட்டா அம்மா பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெறுங்கையோடு நிமிர்ந்து நின்றார்.  பியூகிளார் பியூகிளை எடுத்தார். உதட்டை நக்கி, வைத்தார்.

காற்று. வேறு எதுவும் இல்லை. நெல் தூற்றுகிற மாதிரி, தூரத்தில் மழை கிளம்புகிற மாதிரி ஒரு மூச்சு. கழுத்து நரம்பு ஏறி இறங்கியது, நெஞ்சு விரிந்து சுருங்கியது, கன்னம் இறுகியது. ஒரு சுரத்தைக்கூட அவர் விட்டுவிடவில்லை. கீழே தலைவர் பாட்டைப் போட்டுவிட்டார். ஓசூர் ரோடு இரைந்துகொண்டிருந்தது. அத்தனைக்கும் மேலே, ஒன்பதாம் மாடியில், ஒரு மனிதர் சத்தமே இல்லாமல் ஊதிக்கொண்டிருந்தார். எங்கே அழைப்பு முடிந்தது, எங்கே மௌனம் தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. ரீட்டா அம்மாவுக்குத் தெரிந்தது. ஏதோ ஒரு நொடியில் தலை குனிந்தார். எவ்வளவு நேரமோ. பிறகு, எனக்குக் கேட்காத ரௌஸ் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், தலையை நிமிர்த்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு எடத்துலகூடப் பிசகலண்ணே" என்றார்.

பியூகிளாருக்குக் கோபம் வந்துவிட்டது. "பிசகுச்சு. கடைசிக்கு முன்ன அந்த நீட்டு நோட்டு கொஞ்சம் எறங்கிப்போச்சு. உனக்குக் கேக்கலயா?"

"கேட்டுச்சு. சொல்ல வேணாம்னு பாத்தேன்."

இருவரும் சிரித்தார்கள். ஓட்டைப் பல்லோடு அவர் சிரித்ததை அப்போதுதான் முதல்தடவை பார்த்தேன். பதக்கங்கள் குலுங்கின.

மீதி ஐந்து வீட்டுக்கும் அன்று நான்தான் வண்டி ஓட்டினேன். பீர் கடையிலும் அவர் சத்தமில்லாமல்தான் ஊதினார். அங்கே யாரும் எழுந்து நிற்கவில்லை, யாரும் கவனிக்கவுமில்லை, நான் மட்டும் வாசலில் நின்றேன். திங்கட்கிழமை செயலாளர் பதவியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தேன். துணி உலர்த்தும் விதியைத் தலைவர் இன்னும் மாற்றவில்லை. ஒன்பதாம் தளத்தில் ஒரு பச்சைக் கம்பளிச் சட்டை வெயில் காய்கிறது, கீழே நின்று படம் பிடிக்கிறவரோடு சண்டை போடும் வேலையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். என்ன காரணம் என்று மேனேஜர் கேட்டார். முன்பல் இரண்டு கட்ட வேண்டும் என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு என்றுதான் சொல்லியிருப்பேன்.